அடையாளத்தை மறந்த கணினிகள்



'டாய் ஸ்டோரி' படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காத வீடுகள் குறைவு. முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவாகி 1995-இல் வெளிவந்த முதல் முழுநீளப் படம் அது. அதன் காட்சிகளைச் சட்டம் சட்டமாகத் தீட்டித் தந்தவை 117 கணினிகள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் 'ஸ்பார்க் ஸ்டேஷன் 20' என்ற வகை. பீட்சா பெட்டி போல் தட்டையாக இருக்கும். ஆனால் விலையோ, ஒரு கார் வாங்கும் பணம்!

அந்தக் காலத்தில் வீட்டுக் கணினி வேறு, 'வொர்க்ஸ்டேஷன்' எனப்பட்ட பணிநிலையக் கணினி வேறு. பொறியாளர்களும் ஆய்வாளர்களும் திரைப்படக் கலைஞர்களும் மட்டுமே தொட்ட பொருள் அது. சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஆகிய இரண்டும் அத்துறையின் பெரிய பெயர்கள். சிலிக்கான் கிராஃபிக்ஸ் 2006-இன் இறுதியில் தன் சொந்த வகைக் கணினிகளை நிறுத்தியது; 2009-இல் திவாலானது. சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. செய்தவர்கள் போய்விட்டார்கள். செய்த பொருள் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை? வேதியியல் ஆய்வுக்கூடங்களில் மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் காந்த ஒத்ததிர்வுக் கருவிகள் உண்டு. அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அவற்றின் காந்தம் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பழைய கருவிகள் சிலவற்றில் அதை இயக்கும் மென்பொருள், பக்கத்து மேசையில் இருக்கும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் 'ஓ2' கணினியில்தான் ஓடும். அந்தச் சின்னப் பெட்டி படுத்துவிட்டால், பெரிய கருவியும் சேர்ந்து படுத்துவிடும். பழங்கணினியைப் பழுதுபார்ப்பது பொழுதுபோக்கு என்று சிரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, இந்தக் கணினிகளில் முதலில் கெடுவது எது? மூளையாகிய செயலி என்றுதான் பலர் நினைப்பார்கள். இல்லை. முதலில் சாவது ஒரு மின்கலம்.

ஸ்பார்க் ஸ்டேஷனின் உள்ளே கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு சில்லு இருக்கும். கடிகாரமும் சிறு நினைவகமும் அதற்குள்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் அவற்றைக் காக்க, ஒரு லித்தியம் மின்கலத்தையும் உள்ளேயே வைத்துப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். ஆயுள் சுமார் பத்தாண்டு. பத்தாண்டுக்குப் பிறகு இந்தக் கணினியை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும்!

மின்கலம் தீர்ந்ததும் நேரம் மட்டும் தவறினால் பரவாயில்லை. கணினியின் அடையாள எண்ணும் வலையமைப்பு முகவரியும் அதே நினைவகத்தில்தான் இருக்கின்றன. அவை அழிந்தபின் இயந்திரத்தை முடுக்கினால், அடையாளக் குறிப்புகள் செல்லாதவை என்று திரையில் ஒரு வரி வரும். பல விலையுயர்ந்த மென்பொருள்களின் உரிமம் அந்த அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். எண் போனால் உரிமமும் போயிற்று. செயலி நன்றாக இருக்கும், வன்தட்டு நன்றாக இருக்கும், மென்பொருளும் உள்ளே இருக்கும்; ஆனால் 'நீ யார்?' என்று கேட்டுத் திறக்க மறுக்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு. சில்லின் மேற்புறப் பிசினைச் சிறிய அரத்தால் மெல்லத் தேய்த்து, மின்கலத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் கண்டுபிடித்து, செத்த மின்கலத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு அந்த முனைகளில் காசு வடிவ 3 வோல்ட் மின்கலம் உட்காரும் தாங்கியைப் பற்றவைத்துவிடலாம். கடைகளில் சி.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்களே, அதேதான். தேய்க்கும்போது கை சற்று ஆழமாகப் போனால் சில்லே போய்விடும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை அல்ல. முடிந்தபின், கணினி முடுங்கும் முன் தோன்றும் 'ஓகே' என்ற குறியீட்டில், பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுத வேண்டும். கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவதில் தவறினால், செய்த வேலையெல்லாம் வீண்.

இனி செயலிக்கு வருவோம். இந்த விஷயத்தில் ஸ்பார்க் ஸ்டேஷன் 20 தாராள மனம் கொண்டது. தாய்ப்பலகையில் இரண்டு செருகிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செயலிப் பலகையைச் செருகலாம். பலகை ஒன்றில் இரண்டு செயலிகள் இருந்தால், மொத்தம் நான்கு. டாய் ஸ்டோரி கணினிகளில் சில அப்படி நான்கு செயலிகளோடு உழைத்தவைதான். 50 மெகாஹெர்ட்ஸ் பலகையைக் கழற்றிவிட்டு 75 மெகாஹெர்ட்ஸ் பலகையைப் போடுவது, திருகாணி கழற்றத் தெரிந்த யாருக்கும் முடியும். கையில் நிலைமின்சாரம் தங்காதபடி மணிக்கட்டுப் பட்டை அணிய வேண்டும். பலகையை நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் ஊசிகள் வளையும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் தொடுமுனைகள் கறுத்திருக்கும், அவற்றைச் சாராயம் தொட்டுத் துடைக்க வேண்டும். இரண்டு பலகைகள் போடுவதானால் இரண்டும் ஒரே வகையாக இருப்பதே நல்லது.

டெக்சஸைச் சேர்ந்த ராஸ் டெக்னாலஜி என்ற நிறுவனம் 'ஹைப்பர் ஸ்பார்க்' என்ற இன்னும் வேகமான பலகைகளை அதே செருகிக்கு விற்றது. 1998-இல் அதுவும் மூடப்பட்டது. அந்தப் பலகையைப் போட்டுவிட்டுத் திரையில் ஒன்றும் வரவில்லை என்று பலகையைக் குறை சொல்பவர்கள் உண்டு. குற்றம் பெரும்பாலும் பலகையில் இல்லை. தாய்ப்பலகையில் உள்ள பழைய தொடக்க நிரலுக்கு இந்தப் புதிய விருந்தாளியைத் தெரியாது. அந்த நிரல் உள்ள சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டும். வெப்பம் வேறு பிரச்சினை. தட்டையான பெட்டிக்குள் காற்று போதாமல் தவிக்கும்.

ஓ2 கணினியின் கதை கடினம். அதில் செயலி, செருகுபலகையின் மேல் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டது. அடிப்புறத்தில் சுமார் 300 ஈயக்குண்டுகள்! ஆர்வலர்கள் சிலர் 300 மெகாஹெர்ட்ஸ் செயலியை வெப்பக்காற்றால் பெயர்த்தெடுத்து, அதே கால் அமைப்புள்ள 600 மெகாஹெர்ட்ஸ் செயலியை அங்கே அமர்த்திக் காட்டினார்கள். தயாரித்த நிறுவனம் விற்காத கணினி அது. புதிய செயலியின் இரண்டாம் அடுக்கு இடைநினைவகம் சில்லுக்குள்ளேயே இருந்ததால், தொடக்க நிரலையும் திருத்த வேண்டியிருந்தது. எல்லாம் செய்தும் எல்லா வேலையும் இருமடங்கு வேகமாகவில்லை. நினைவகத்துக்குப் போகும் பாதை பழைய பாதைதானே.

சில்லுகளைப் பற்றிப் பேசும்போது இடையில் ஒரு செய்தி. இன்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. அந்நாளைய சில்லுகள் பலவற்றில் 'மலாய்' என்ற சொல் பொறித்திருக்கும். உலகெங்கும் பழங்கணினி சேர்ப்பவர்கள் அந்தச் சொல்லைத் தினமும் உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள்.

பழைய ஸ்பார்க் ஸ்டேஷன் எங்காவது ஒரு கிடங்கில் அகப்பட்டு, அதைத் திறக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கறுப்புச் சில்லின் மேல் கோடுகள் அச்சிட்ட சிறிய ஒட்டி ஒன்று இருக்கும். அடையாள எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் அதில்தான் உள்ளன. பிசினைத் தேய்க்கத் தொடங்கினால் முதலில் அழிவது அந்த ஒட்டிதான். அதை முதலில் உரித்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம் அரத்தைக் கையில் எடுங்கள்.