தஞ்சம் தேடி வந்தவருக்கு இரண்டாவது வாசல்

(தில்லியில் வழக்கறிஞர்களும் மருத்துவ மாணவர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் கூடிய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வு, உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்ற பொருள்படக் கருத்துரைத்தது. சத்திரத்திலாவது யார் தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று ஒரு பலகை தொங்கும். நம் நாட்டில் அகதிகளுக்கென்று அந்தப் பலகையும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. உள்நாட்டிலும் அகதிச் சட்டம் கிடையாது. இருப்பது, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் மட்டுமே. செல்லத்தக்க கடவுச்சீட்டு இன்றி நுழைந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது அது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரையும் கடத்தல்காரரையும் ஒரே தட்டில் வைக்கிறது.

அப்படி ஓடிவந்தவர்களுள் நம் கண்ணில் படாத ஒரு பகுதியினரைப் பற்றிப் பேசவே இன்று வந்தேன். தன்பால் ஈர்ப்புடையோர், திருநர், ஊடுபாலினர் என்பதற்காகவே நாட்டை விட்டு விரட்டப்பட்டவர்கள் அவர்கள். 1860இல் வெள்ளையர் நமக்கு இயற்றிய 377ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்சநீதிமன்றம் மனமொத்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை செல்லாததாக்கியது. அதே எண்ணுள்ள பிரிவு மியான்மரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2021க்குப் பின் நிலைமை என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்நாடுகளிலிருந்து வருவோரின் விண்ணப்பங்களைத் தில்லியில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் பரிசீலிக்கிறது. ஆகவே வாசல் ஒன்று இருக்கிறது. அந்த வாசலுக்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருடைய நாட்டைச் சொல்லமாட்டேன். சொந்த அண்ணனே கத்தியோடு துரத்தியதால் ஊரை விட்டு வந்தவர். அதற்கு முன் ஒரு தொண்டு மையத்தில் அவருடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் "அரசியல் காரணம்" என்று மட்டுமே இருந்தது. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். மொழிபெயர்க்க அமர்ந்திருந்தவர் அவர் குடியிருக்கும் தெருக்காரர். தொழுகையில் பக்கத்தில் நிற்பவர். அவர் காதில் விழும்படி இதை எப்படிச் சொல்வது? அன்றிரவு அவர் திரும்ப வேண்டிய அறையில் அதே ஊர்க்காரர்கள் அறுவர் தங்கியிருந்தனர்.

தோழர்களே, முழுச் சிக்கலும் இதில் அடங்கியிருக்கிறது. அகதிக்குத் தில்லியில் கிடைக்கும் ஒவ்வோர் உதவியும் அவருடைய சமூகத்தின் வழியாகவே வருகிறது. ஆப்கானியருக்கு லஜ்பத் நகரும் போகலும், மியான்மரின் சின் மக்களுக்கு விகாஸ்புரியும் அறை தருகின்றன, வேலை தருகின்றன, கைமாற்று தருகின்றன. மற்ற அகதிகளுக்கு அது அரண். இவர்களுக்கோ, எவரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களுடைய கையிலிருந்தே சோறு வாங்கும் நிலை.

ஐ.நா. அலுவலகம் இதை அறியாததல்ல. 2012இல் அது வெளியிட்ட 9ஆம் எண் வழிகாட்டுதலை இங்குள்ள வழக்கறிஞர்கள் அனைவரும் படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அதே நாட்டினராகவோ மதத்தினராகவோ இருந்தால் விண்ணப்பதாரரின் நாணம் கூடி, உண்மை வெளிவராமல் போகக்கூடும் என்று அது கூறுகிறது. நேர்காண்பவரும் மொழிபெயர்ப்பாளரும் எந்தப் பாலினத்தவராக இருக்க வேண்டும் என்ற வேண்டுகோளைப் பரிவோடு ஏற்கச் சொல்கிறது. ஒருவர் தன் அடையாளத்தை முதலில் மறைத்துப் பின்னர் சொன்னால், அதனாலேயே பொய்யராகிவிடமாட்டார். அந்தரங்கப் புகைப்படம் கேட்பதற்கோ உடற்சோதனைக்கு உட்படுத்துவதற்கோ இடமில்லை. சொந்த நாட்டில் மறைந்து வாழ்ந்திருக்கலாமே என்று சொல்லியும் விண்ணப்பத்தைத் தள்ள முடியாது. மேற்சொன்ன இளைஞரின் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியபோது இந்த வரிகளே எனக்குக் கைகொடுத்தன.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை மிகையான நம்பிக்கை வேண்டாம். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்று, எல்லா மனிதருக்கும் உரியது என்று 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2021இல் மியான்மரிலிருந்து வந்த எழுவர் தில்லி சென்று ஐ.நா. அலுவலகத்தை அணுக மணிப்பூர் உயர்நீதிமன்றம் வழிசெய்தது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் ரோஹிங்கியா மக்களின் நாடுகடத்தலுக்குத் தடை விதிக்க உச்சநீதிமன்றம் மறுத்தது. எனவே ஒருவர் பிடிபட்ட முதல் நாளே வழக்கறிஞர் அங்கே நிற்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் உள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. தொலைபேசி எண் 15100.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் பாலியல் நாட்டத்தைக் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. உடன் வந்தவர் உறவினர்தானே என்று அவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சீட்டே ஓர் அறையிலிருந்து ஒருவரை வெளியேற்றப் போதுமானது. புதிய வெளிநாட்டவர் சட்டமோ, உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றி மருத்துவமனையே பதிவு அலுவலருக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. காய்ச்சலோடு வீட்டிலேயே ஒருவர் கிடப்பதன் காரணம் அறியாமையல்ல, இந்த அச்சம்தான். ஐ.நா. அட்டையும் வழக்கறிஞரின் எண்ணும் கையில் இருந்தால் அச்சம் ஓரளவு குறையும்.

தங்குமிடம்தான் கடினம். வெளிநாட்டவரை வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். தயங்காதவர் வாடகையை ஏற்றுகிறார். ஒன்றிய அரசின் கரிமா கிரஹ் இல்லங்கள் திருநருக்கானவை. தன்பால் ஈர்ப்புடைய ஆணுக்கோ பெண்ணுக்கோ அங்கு இடமில்லை. இதை அரசு செய்ய வேண்டும் என்று கோருவோம், போராடுவோம். அதுவரை அந்த இளைஞர்கள் எங்கே உறங்குவது? நம் சங்க ஊழியர்களின் குடும்பங்களில் ஓர் அறை இருக்கிறதா என்று நான் கேட்கிறேன். சட்டப்படி தகவல் கொடுத்து, வாடகை வாங்கிக்கொண்டே தரலாம், தருமம் கேட்கவில்லை.

இன்னொன்று. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பாரசீகமும் அரபும் கற்றுத் தருகிறார்கள். பாரசீகம் படித்த மாணவருக்குக் காபூல்காரரின் தாரி புரியும். எந்த அகதித் தெருவையும் சேராத, எவருக்கும் அண்டைவீட்டாராக இல்லாத மொழிபெயர்ப்பாளர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இதுவரை நாம் கேட்டதில்லை, அவ்வளவுதான். பர்மிய மொழியும் சோமாலியும் தெரிந்தவர்களைத் தேடுவது கடினம். உங்களுக்கு எவரையேனும் தெரிந்தால் சொல்லுங்கள்.

வாயிலருகே இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் மொழி தெரிந்தவர்கள் பெயர் எழுதுங்கள். மற்றொன்று அறைக்கானது.