தூக்குவாளியை வெறுமனே அனுப்ப முடியாது

(மாட்டுப் பொங்கல் இரவு, கானாடுகாத்தானில் நண்பர்கள் கூடிய விருந்தில் பேசியது)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லிவிட்டீர்கள். கறி வாசம் வரும்போது கவிஞன் பேச்சை எவன் கேட்பான்? பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பழகினவன் நான், வரிசை நீண்டால் பயம். சீக்கிரம் முடிக்கிறேன்.

பொங்கலும் அதுவுமா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்? போன வருஷம், கல்லூரியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பரைச் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நண்பர் அருந்ததியர். "தம்பிக்கு எந்தப் பக்கம்? அப்பா என்ன வேலை?" என்று சித்தப்பா கேட்டார். இவர் எதையும் மறைக்கவில்லை. பந்தியில் எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு, அவருக்கு மட்டும் பேப்பர் தட்டு. "விருந்தாளிக்குச் சுத்தமா இருக்கட்டும்னுதான்." கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிற வீடு அது. நண்பர் சாப்பிட்டு முடித்து, அந்தத் தட்டை மடக்கித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த எவர்சில்வர் நமக்குச் சும்மா வந்ததா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் (இந்த ஊரும் அப்போது அந்த மாவட்டம்தான்) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி போடக்கூடாது. சட்டை கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைச் சூறையாடினார்கள். சாதி பற்றிய தன் புத்தகத்தில் ஹட்டன் இதை எழுதிவைத்திருக்கிறார். அப்படி அடிபட்டு வாங்கின தட்டைத்தான் இன்னொருத்தனுக்கு இல்லைங்கிறோம்.

1917ல் கேரளத்துச் செறாயில் அய்யப்பன் புலையரோடு உட்கார்ந்து உண்டார். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசியது அவருடைய சொந்த ஈழவச் சாதிக்காரர்கள். அந்தப் பெயரை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார். கூடி உண்டால் மட்டும் சாதி போகாது, கலந்து மணக்கணும் என்று அண்ணல் 1936லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் தட்டிலேயே நிற்கிறோம்.

இன்றைக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் தந்தாங்க. "சேக்காளிகளுக்கும் குடுப்பா." வாசல்வரை வந்து மெதுவா, "தூக்கை வெறுமனே கொண்டாந்துரு. அங்க சமைச்சதை அதுல வாங்கிறாத." பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே அவங்கதான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் ரெண்டு வெங்காயமாவது போட்டுத்தான் அனுப்புவாங்க.

உறவே வேண்டாம்னு உதறுவது சுலபம். நண்பர்களோடு சாப்பிடுவது சந்தோஷம், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. ஆனால் ராத்திரி நான் போய்த் தட்டப்போவது அம்மா வீட்டுக் கதவைத்தான்.

தூக்கு அங்கே சட்டிக்குப் பக்கத்தில் கழுவி இருக்கு. இன்றைக்குக் கறி ஆக்கியது அதே பேப்பர் தட்டு நண்பர்தான். தோழர், முதலில் அந்தத் தூக்கை நிரப்புங்க. அம்மாவுக்குக் கொழுப்பு ஆகாது, எலும்பாப் பார்த்துப் போடுங்க. அப்புறம் இலை போடலாம்.