கற்றுக்கொள்ளும் மருந்து

நம் மொழியில் 'வாதம்' என்றொரு சொல் உண்டு. குழந்தையின் கால் சூம்பிப் போனால் இளம்பிள்ளை வாதம் என்கிறோம். ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றுப் போனால் பக்கவாதம் என்கிறோம். விரல் மூட்டுகள் வீங்கி மடக்க முடியாமற் போனால் முடக்குவாதம் என்கிறோம். முதியவருக்கு முழங்கால் நொந்தால் கீல்வாதம் என்கிறோம். முதலாவது, தண்டுவடத்து நரம்பு அணுக்களைத் தாக்கும் ஒரு கிருமியால் வருவது. இரண்டாவது, மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. மூன்றாவது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது. நான்காவது, மூட்டின் குருத்தெலும்பு தேய்வதோடு பெரிதும் தொடர்புடையது. நோய்கள் நான்கு, சொல் ஒன்று. சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பதாக வகுத்தன. நாமோ அவற்றையெல்லாம் ஒன்றாக்கி, "வாதம் வந்துவிட்டது, இனி என்ன செய்வது?" என்று பெருமூச்செறிந்து படுக்கையை விரித்துவிடுகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன். சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதே என் தொழில். அப்படியிருக்க, மருத்துவத்தைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்? காரணம் இதுதான்: பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் மற்ற மருத்துவங்களைப் போன்றதன்று. மாத்திரையை விழுங்கியவர் அதன் பெயரை அறியாவிடினும் அது தன் வேலையைச் செய்யும். இயன்முறை மருத்துவம் அவ்வாறு செய்யாது. அதை நோயாளி கேட்டுப் புரிந்துகொண்டு, நாள்தோறும் தாமே செய்தாக வேண்டும். அது கொடுக்கப்படும் மருந்தன்று, கற்றுக்கொள்ளும் மருந்து. கற்பதற்கு மொழி வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இடர் நேர்வது அந்த இடத்தில்தான்.

இந்த மருத்துவம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றில் மும்பைக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1940-களில் பம்பாயில் வாழ்ந்த பாத்திமா இஸ்மாயில் என்ற அம்மையாரின் சிறு மகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அக்காலத்தில் அதற்கு முறையான மறுவாழ்வுச் சிகிச்சை அரிதாயிருந்தது. அம்மையார் சென்னையில் புகழ் பெற்றிருந்த எலும்பு மருத்துவ அறுவை நிபுணர் டாக்டர் எம். ஜி. கினியை நாடிச் சென்றார். மகள் தேறினாள். தாம் பெற்ற நன்மை பிற தாய்மாருக்கும் கிட்ட வேண்டுமென்று 1947-ஆம் ஆண்டில் அவர் பம்பாயில் இத்தகைய குழந்தைகளுக்காக ஒரு மருத்துவக்கூடத்தைத் தொடங்கினார். 1950-களின் தொடக்கத்தில், பரேலில் உள்ள கே. இ. எம். மருத்துவமனையில், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயன்முறை மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. 1955-இல் ஹாஜி அலியில், மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் தோன்றியது. 2014-இல் இந்தியா இளம்பிள்ளை வாதம் அற்ற பகுதியைச் சேர்ந்ததாகச் சான்று பெற்றது. அந்நோய் அகன்றுவிட்டது, அதன் பொருட்டு வளர்ந்த கலையோ இன்று முழங்காலுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் பயன்பட்டு வருகிறது.

நோகும் மூட்டை அசைக்கச் சொல்வது சரியா என்ற ஐயம் பலருக்கு எழும். மூட்டின் அமைப்பை அறிந்தால் அது தீரும். எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் நீர்மமே அதற்கு உணவு. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்திக் கழிவை வெளியேற்றுகிறது. கால் தூக்கும்போது விரிந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நீரில் நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவது போன்ற செயல் இது. அசைவு நின்றால் ஊட்டமும் குறையும். அதோடு, மூட்டைத் தாங்கி நிற்கும் தசைகள் சில வார ஓய்விலேயே மெலிந்துவிடும். தசை மெலிந்தால் சுமை முழுவதும் மூட்டின் மேல் விழும், வலி கூடும். வலி கூடவே நோயாளி மேலும் ஓய்வெடுப்பார். இந்தச் சுழலிலிருந்து மீட்பதுதான் இயன்முறை மருத்துவரின் பணி.

இனி, நம்மவர் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம். தாராவியில் விடியுமுன் எழுந்து மாவும் நீரும் சுமந்து இட்லி அவிக்கும் தாய்மார் உள்ளனர். தோல் பொருள்களைத் தரையில் அமர்ந்து வெட்டியும் தைத்தும் முதுகு வளைந்தவர்கள் உள்ளனர். மாட்டுங்காவில் நாள் முழுவதும் காலை மடக்கி உட்கார்ந்து பூத்தொடுக்கும் பெண்கள் உள்ளனர். செம்பூரிலோ, முப்பது ஆண்டுகள் மின்சார ரயிலின் நெரிசலில் நின்று பயணம் செய்து, ரயில்வேப் பாலங்களை ஏறியிறங்கி ஓய்வு பெற்ற பெரியவர்கள் உள்ளனர். இவர்களுள் பலருக்கு மூட்டும் முதுகுமே முதலீடு. இட்லி விற்கும் அம்மையாரின் முழங்கால் நின்றுவிட்டால் அந்த வீட்டின் அடுப்பும் நின்றுவிடும். "ஊருக்குப் போய்விடலாம்" என்ற பேச்சு அதன்பின் எழுகிறது. பிள்ளையின் படிப்பு நடுவில் நிற்கிறது. மூட்டு வலியை முதுமையின் இயல்பென்று தள்ளிவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

முதற்கண் எது தேய்மானம், எது முடக்குவாதம் என்பது தெளிய வேண்டும். தேய்மானத்தில் காலை எழுந்தவுடன் தோன்றும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் நீங்கிவிடும். நடந்தால் வலி கூடும், இருந்தால் குறையும். முடக்குவாதத்தில் அவ்விறைப்பு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும்; இரண்டு கைகளிலும் விரல்களின் சிறு மூட்டுகள் ஒருசேர வீங்கும்; களைப்பும் வாட்டும். ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. முப்பது, நாற்பது வயதிலும் வரும். இதற்குப் பயிற்சி மட்டும் போதாது. எதிர்ப்பாற்றலின் சீற்றத்தை அடக்கும் மருந்துகளைக் காலம் தாழ்த்தாமல் தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காக்கலாம். ஆதலின், விரல்கள் வீங்கிச் சில வாரங்கள் கடந்தும் தணியவில்லையெனில், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை.

மருத்துவமனைக்குச் செல்கிறோம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அண்மையில் சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கு இயன்முறை மருத்துவப் பிரிவும் உண்டு. அத்தகைய இடத்தில், "எப்படி வலிக்கிறது?" என்று கேட்பார்கள். தமிழில் இதற்கு விடை சொல்லச் சொற்கள் ஏராளம்: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், மரமரப்பு, விறைப்பு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பைத் தருகிறது. எரிச்சலும் மரமரப்பும் நரம்பு நசுங்கியிருக்கலாம் என்று காட்டும். விறைப்பு மூட்டைச் சுட்டும். உழைப்புக்குப் பின் வரும் கடுப்பு தசையைச் சுட்டும். ஆனால் நம் பாட்டி இந்தியில் சொல்ல அறிந்தது 'தர்த்' என்ற ஒரே சொல். மராத்தியில் 'துக்தே' என்ற ஒரே சொல். உடன் சென்ற பேரன் பாட்டியின் நீண்ட விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "காலில் வலியாம்" என்று முடித்துவிடுகிறான். மொழிபெயர்ப்பில் இத்தகைய சுருக்கம் பெருங்குற்றம் என்பதை என் தொழிலின் பெயரால் கூறுகிறேன்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புறப்படுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: வலி எங்கே, எத்தனை நாளாக, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது. அவற்றை இந்தியிலோ மராத்தியிலோ எழுதித் தர அண்டை வீட்டுப் பிள்ளைகள் உதவுவார்கள். திரும்பும்போது மற்றொன்றையும் செய்ய வேண்டும். மருத்துவர் பயிற்சியைக் காட்டியதும் தலையசைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. அவர் முன்னிலையிலேயே அதைச் செய்து காட்டி, சரியா என்று கேட்டறிய வேண்டும். எத்தனை முறை, எத்தனை வேளை என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

மின்கருவியில் படுக்கவைத்து ஒளியும் சூடும் கொடுப்பதே இச்சிகிச்சை என்று பலர் எண்ணுகின்றனர். பத்து நாள் சென்று, "கரண்ட் வைத்தார்கள், குணமில்லை" என்று நிறுத்திவிடுகின்றனர். கருவிகள் சிறிது நேரம் வலியைத் தணிக்கலாம். நிலைத்த பயனைத் தருவது பயிற்சியே. தேய்ந்த முழங்காலுக்குப் பெரும்பாலும் முதலில் கற்பிக்கும் பயிற்சி மிக எளியது. காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டொன்றை முழங்காலின் கீழ் வைத்து, அத்துண்டை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். தொடையின் முன்புறத் தசை இதனால் வலுப்பெறும். வலுப்பெற ஆறு வாரமேனும் ஆகும். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது இயல்பு. மறுநாள் அந்நேரத்துக்குள் அது அடங்கிவிட்டால் அளவு சரி, அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிட வேண்டுவதில்லை.

நடையிலும் ஏற்றத்திலும் சில நுட்பங்கள் உண்டு. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் படிகளை ஏறும் அன்பர்கள் இதை நினைவிற்கொள்ளலாம்: ஏறும்போது நல்ல கால் முன்னே செல்ல வேண்டும், இறங்கும்போது நோகும் கால் முன்னே செல்ல வேண்டும். கைத்தடி ஊன்றுவோர் நோகும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் அதைப் பிடிக்க வேண்டும். பருமனான உடலினர் ஒரு கிலோ எடையைக் குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தரையில் அமர்ந்து வேலை செய்வோர் ஒரு தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, அரை மணிக்கொரு முறை எழுந்து நின்று காலை நீட்டுதல் நலம்.

நீரிழிவு உடையோர் தோளையும் கவனிக்க வேண்டும். தோள் மூட்டின் உறை இறுகி, கையை உயர்த்தவோ தலைவாரவோ முடியாமற் போகும் நிலை அவர்களிடம் மிகுதி. அது தானே தளர ஓரிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். சுவரில் விரல்களை ஏணிபோல் மெல்ல ஏற்றும் பயிற்சி அங்கே துணை செய்யும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் கூற வேண்டும். மூட்டு திடீரெனச் சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், முதுகு வலியோடு கால் வலுவிழந்தால், தொடைகளின் உட்புறம் மரத்துச் சிறுநீர் மலம் கட்டுப்படாமற் போனால், அது பயிற்சிக்குரிய வேளையன்று. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனையும் செய்வதற்கு மனவுறுதி வேண்டும். நோயாளியிடம் மட்டுமன்றி வீட்டாரிடமும் அது வேண்டும். நம் இல்லங்களில் தாயின் மாத்திரைக்குப் பணம் கொடுப்போர் உண்டு. அவள் பயிற்சி செய்யக் கால்மணி நேரம் கொடுப்போர் குறைவு. குழாயில் நீர் வரும் நேரம், அடுப்பு எரியும் நேரம், பிள்ளைகள் பள்ளி செல்லும் நேரம் என்று அவளுடைய நாள் முழுவதும் பிறருக்குரியதாகவே கழிகிறது. அந்தக் கால்மணியைக் குடும்பம் அவளுக்கு மீட்டுக் கொடுக்குமானால், அதனினும் சிறந்த மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. துண்டைச் சுருட்டிக் கொடுத்து, அருகிலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவதற்கு ஒரு பேரப்பிள்ளை போதும். அந்த எண்ணிக்கை தமிழில் இருந்தால் பாட்டிக்கும் எளிது. பேரனும் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கூடுதலாகக் கற்பான்.