கைக்கெட்டும் கமலா மரம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் வாசலூர்பட்டி. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நம்ம கொல்லிமலையில் பலா, அன்னாசி, மிளகு மாதிரி கமலா ஆரஞ்சும் உண்டு. எங்க அத்தை வச்ச மரமெல்லாம் விதையில் வந்தது. காய்க்க ஆறேழு வருஷம் ஆச்சு. முள்ளுக்குள்ள ஏணி வச்சு ஏறணும். பறிக்க ஆள் கிடைக்கலைன்னா பழம் கீழே விழுந்து அழுகும், சோளக்காடு சந்தைக்குப் போகாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னாடி குழுக்கடன் வாங்கி 40 ஒட்டுக்கன்று நட்டேன். எந்த வேர்ச்செடியில் கட்டினதுன்னு விற்றவரிடம் கேட்கத் தெரியலை. ஒட்டுப் போட்ட இடத்தையும் மண்ணுக்குள் புதைச்சுட்டேன். ரெண்டாவது மழைக்கு தூரில் பிசின் வடிஞ்சு, பட்டை அழுகி 27 கன்று செத்துப்போச்சு. கன்று போச்சு, தவணை போகலை. கோழி வளர்த்துத்தான் கடனை அடைச்சேன்.

அப்புறம் பயிற்சிக்குப் போய்த்தான் தெரிஞ்சது. பழத்தை முடிவு செய்வது மேலே வைக்கும் கண். மரத்தின் உயரத்தையும், வறட்சியையும் அழுகலையும் தாங்குவதையும் பெரும்பாலும் முடிவு செய்வது கீழே உள்ள வேர். ஜம்பேரி எலுமிச்சை வேரில் மரம் வேகமாக, பெரிதாக வளரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ரங்பூர் எலுமிச்சை வறட்சி தாங்கும், அதற்கும் தண்ணீர் தேங்கக் கூடாது. மூவிலை ஆரஞ்சு வேர் அழுகலைத் தாங்கும், மரமும் குட்டையாக நிற்கும். ஆனால் கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆகணும். அதிலேயே முள் வளைந்த 'ஃபிளையிங் டிராகன்' வகையில் கட்டினால் மரம் இன்னும் குட்டை.

கண் கட்டுவது நம்ம கைக்கு வரும் வேலைதான். வேர்ச்செடி பென்சில் கனம் வந்ததும், தரையில் இருந்து ஒரு சாண் மேலே பட்டையை 'T' மாதிரி கீறணும். தாய் மரக் குச்சியில் ஒரு கண்ணைச் சீவி உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டணும். மூணு வாரம் கழிச்சும் கண் பச்சையா இருந்தா பிடிச்சாச்சு. ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிடணும். விட்டா வேர்ச்செடிதான் மரமாகும். மூவிலை வேர்னா இலை மூணு மூணா இருக்கும், பார்த்ததும் தெரியும்.

முக்கியமா, நோய் இல்லாத மரத்தில் இருந்துதான் கண் எடுக்கணும். இலை திட்டுத்திட்டா மஞ்சளாகும் பசுமை நோய் ஒட்டுக் கண் வழியாவும் பரவும். வந்தா மருந்து கிடையாது.

போன வருஷம் ரங்பூர் வேரில் 60 கட்டினேன், 41 பிடிச்சது. கவாத்து பண்ணி உயரத்தை அடக்கப் போறேன். மூவிலை விதை கிடைச்சா, ஓடைப் பக்கத்து நிலத்துக்கு அதைத்தான் போடுவேன்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நாமே சேர்ந்து ஒரு நாற்றங்கால் போடணும். அதுவரைக்கும், கன்றுக்குக் கடன் கேட்டு வரும் தங்கச்சியிடம் மூணு கேள்வி கேளுங்க: என்ன வேர்? எந்தத் தாய் மரம்? தண்ணீர் தேங்குமா? என்னிடம் அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா 27 கன்று மிஞ்சியிருக்கும்.