அண்டை நாட்டை யார் படிப்பது?

(ஐயப்பன்தாங்கலில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னைப் பல்கலைக்கழகத்தில் தென் மற்றும் தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கென்று ஒரு மையம் உண்டு. பேராசிரியர் வி. சூரியநாராயண் அதன் நிறுவன இயக்குநர். இலங்கை பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர் பெற்ற மையம் அது. இப்படி ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ எடுத்துப் படிப்பதைப் 'பகுதி ஆய்வு' என்கிறார்கள். இதை யார், எதற்காகப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பகுதி ஆய்வு வளர்ந்தது பனிப்போர்க் காலத்தில். பிற நாட்டு மொழிகளையும் பகுதிகளையும் படிக்க அமெரிக்கா 1958இல் நிதி ஒதுக்கியது. அந்தச் சட்டத்தின் பெயரே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். இந்தியாவிலும் 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு பகுதி ஆய்வுகளுக்கு ஆதரவளிக்கத் தொடங்கியது. அரசு காசு கொடுத்தால் அரசின் கேள்விகள்தான் முன்னால் வரும். எந்தத் துறைமுகத்தில் யார் கப்பல் நிற்கிறது, கச்சத்தீவு யாருக்கு, கடல் எல்லை எங்கே? இவையெல்லாம் வேண்டிய கேள்விகளே. ஆனால் நம் மக்களின் கேள்விகள் வேறு.

பல்கலைக்கழகங்கள் இலங்கையைப் பாடமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். 1950இல் கண்டியில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கர் போனார். சாதியிலிருந்து வெளியேறும் வழியைத் தேடிய பயணங்கள் இவை. அதே நாட்டில் சியாம் நிகாய என்னும் பிக்குகள் சபை கொவிகம சாதியாருக்கு மட்டுமே உபசம்பதா கொடுத்தது என்பதையும் நாம் படித்தாக வேண்டும்.

நம் மக்களில் மிகப் பலர் போனது கூலிகளாக. காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் இங்கிருந்து ஆள் கூட்டிப் போனார்கள். போனவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சத்தோடு பண்ணையடிமைத்தனமும் அவர்களை விரட்டியது. கங்காணியின் சாதி பெரும்பாலும் மேலே இருந்தது. லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. கடல் தாண்டியும் சேரி கூடவே போனது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். பிறகு 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. வெளியுறவுப் பாடத்தில் இது ஒரு தீர்வு. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் ஆள் பங்கீடு. ஒப்பந்தப்படி திரும்பிவந்தவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கதையும் இருக்கிறது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் அங்கே 1957இல் வந்தது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழையப் போனபோது எதிர்த்து நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். அரசியலுக்கு வருமுன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். படிப்பு சாதியைக் கரைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அந்தப் போராட்டங்களில் நின்று 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியல், 1986இல் நம் தஞ்சாவூரில்தான் இறந்தார்.

ஒரு கருத்தரங்கில் நான் இதையெல்லாம் பேசியபோது, "இனப்பிரச்சினை பேசும் இடத்தில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஈழத் தமிழர் மீது நடந்த இன ஒடுக்குமுறையை நான் துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அடிபட்டவர்களிலும் அதிகம் அடிபட்டவர் யார் என்று கேட்காமல் அந்த ஒடுக்குமுறையை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

இது பழங்கதையும் அல்ல. கூலிகளைக் கப்பலேற்றிய மண்டபம் முகாம்தான் 1983க்குப் பிறகு அகதிகளை இறக்கிவைத்த முகாம். இன்றும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அதாவது, இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். திருச்சி முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், குடியுரிமை கேட்கும் அவர்களது விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. போரூர், வளசரவாக்கம் பக்கம் முகாமுக்கு வெளியே வாடகைக்குக் குடியிருக்கும் ஈழத்து அக்காக்களையும் அண்ணன்களையும் உங்களுக்குத் தெரியும். அண்டை நாடு என்பது அடுத்த வீடுதான், தோழர்களே.

சூரியநாராயண் போன்றவர்கள் மலையகத் தமிழரின் குடியுரிமைக்காகத் தொடர்ந்து எழுதினார்கள். அதை மதிக்கிறேன். ஆனால் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியது போதும் என்று நாம் உட்கார்ந்துவிட முடியாது.

மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். இலங்கையைப் படிக்கும் எந்தப் பாடத்திட்டத்திலும் சாதி தனித் தாளாக வேண்டும். மலையகத் தமிழர் வரலாறு அங்கிருந்து தொடங்காமல், செங்கல்பட்டு, தஞ்சை, திருச்சிச் சேரிகளிலிருந்து தொடங்க வேண்டும். தாயகம் திரும்பியோர், முகாம்வாசிகளின் பிள்ளைகளுக்கு ஆய்வு இடமும் உதவித்தொகையும் வேண்டும். குடியுரிமைச் சான்று இல்லை, சாதிச் சான்று இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஏனென்றால் அந்த நாட்டை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. இதுவரை அவர்கள் ஆய்வுப் பொருளாக மட்டுமே இருந்திருக்கிறார்கள். இனி ஆய்வாளர் நாற்காலியிலும் உட்காரட்டும்.