கட்டில் கூடலாம், கை கூடுமா?



ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் இருக்கிறது உலு திராம். ஒரு காலத்தில் தோட்டப்புறம். இன்று தாமான் மேல் தாமானாக வளர்ந்து நிற்கிறது. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் இங்கே குடியிருக்கிறார்கள். இடுப்பு வலியோ கழுத்து வலியோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைவீட்டின் கீழ்த்தளம், நான்கு கட்டில், உதவிக்கு ஒரு பெண். ஆறேழு ஆண்டுகளில் பெயர் பரவிவிட்டது. மாலையில் உட்கார நாற்காலி கிடையாது. கோத்தா திங்கியிலிருந்து வரும் நோயாளி, “அண்ணே, எங்க ஊர்லயே ஒரு கடை போட்டுடுங்களேன்” என்கிறார். மைத்துனரோ அங்கே ஒரு கடை காலியாக இருப்பதாகவும், இந்த வாரமே முன்பணம் கட்டினால் கிடைக்கும் என்றும் அவசரப்படுத்துகிறார். கட்டலாமா, வேண்டாமா?

கூட்டம் நிரம்பி வழிந்தால் இன்னொரு கடை போட வேண்டியதுதானே என்று பலரும் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடைக்கு அது பொருந்தலாம். அக்குபஞ்சருக்குப் பொருந்துமா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நோயாளியின் வலியைக் கேட்டு, நாடி பார்த்து, ஊசி போட்டு முடிக்க 15 நிமிடம் என்று வையுங்கள். அதன் பிறகு ஊசியோடு அவர் 25 நிமிடம் படுத்திருக்கிறார். ஆக, ஒருவருக்கு ஒரு கட்டில் 40 நிமிடம் வேண்டும். ஆனால் வைத்தியரின் கை 15 நிமிடம்தான் வேண்டும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை மூன்று மணி நேரத்தில் அந்தக் கை 12 பேரைத்தான் பார்க்க முடியும். அதற்கு மூன்று கட்டிலே போதும். நான்காவது கட்டில் அவ்வப்போது சும்மாதான் கிடக்கும். கடை நிரம்பவில்லை, நேயர்களே. வைத்தியர்தான் நிரம்பியிருக்கிறார். கோத்தா திங்கியில் இன்னும் நான்கு கட்டில் வாங்கிப் போட்டால் அவருக்கு ஐந்தாவது விரல் ஆறாகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. வேலைக்குப் போகிறவர் மாலையில்தான் வருவார். பகல் இரண்டு மணிக்கு அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள், உதவிப் பெண் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார். ஒரு மனிதருக்கு ஒரு நாளில் ஒரு மாலைதான் உண்டு. செவ்வாய், வியாழன் அங்கே, மற்ற நாள் இங்கே என்று பிரித்தால் புது மாலை எதுவும் பிறக்காது. உலு திராமின் மாலைதான் இரண்டாக உடையும். நாள்பட்ட வலிக்கு ஒரு தடவை ஊசி போட்டால் போதாது. வாரம் ஒன்றோ இரண்டோ என்று சில வாரம் தொடர்ந்து வர வேண்டியிருக்கும். கடை திறந்திருக்கும் நாளே குழப்பமானால் நோயாளி பாதியில் விட்டுவிடுவார். ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்து, 2025 தொடக்கத்தில் மீண்டும் சனி, ஞாயிறாக மாறியபோது எத்தனை பேர் தங்கள் முன்பதிவு நாட்களை மாற்றி எழுத வேண்டியிருந்திருக்கும்! ஒரு நாள் மாறினாலே அவ்வளவு வேலை.

சரி, சீன மருத்துவத்தில் பல ஊர்களுக்குக் கடை பரப்பியவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நம் பேராக்கில், கோப்பெங்கில் 1879-ல் தொடங்கிய யூ யான் சாங் மருந்துக் கடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈயச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு மூலிகை விற்ற கடை அது. 1910-ல் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. ஆனால் அது கொண்டுபோனது மருந்துப் பொட்டலம். பொட்டலம் எந்த ஊரில் பிரித்தாலும் அதே பொட்டலம்தான். ஊசி போடும் கையைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 1,100-க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளிவந்தது. முறையான அக்குபஞ்சர் பெற்றவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. புள்ளிகளைத் தவிர்த்து, மேலோட்டமாக ஊசி போடப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் தெரிந்தது. வழக்கமான சிகிச்சையிலோ 27 விழுக்காடுதான். இதை வைத்து அக்குபஞ்சரை ஏளனம் செய்வோரும் உண்டு, புகழ்வோரும் உண்டு. கிளை திறக்க நினைப்பவர் இதில் கவனிக்க வேண்டியது வேறு. எந்தப் புள்ளி என்பது மட்டுமே பலனைத் தீர்மானிக்கவில்லை. உட்கார்ந்து கேட்பது, தொட்டுப் பார்ப்பது, அடுத்த வாரம் நினைவு வைத்து விசாரிப்பது என்று எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் தேறுகிறார் என்று எண்ண இடமிருக்கிறது. அதே ஊசியும் அதே கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டால் அதே வைத்தியசாலை ஆகிவிடாது.

உலு திராமுக்குப் பக்கத்திலேயே, மவுண்ட் ஆஸ்டினில் இருக்கிறது சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. நம் சுகாதார அமைச்சு அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் தொடங்கியபோது, 2007-ல் பினாங்கின் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் மட்டும்தான் தொடங்கியது. அங்கே நடத்திப் பார்த்து, 2008-ல்தான் புத்ராஜெயாவுக்கும் நம் சுல்தான் இஸ்மாயிலுக்கும் வந்தது. அமைச்சிடம் பணமும் உண்டு, கட்டடமும் உண்டு. ஆனாலும் ஒன்றை நடத்திப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனது. எல்லா நோயும் பார்ப்போம் என்று பலகையும் மாட்டவில்லை. அக்குபஞ்சரை நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய பராமரிப்புக்கும் என்று வரையறுத்தது. தனி ஆள் நடத்தும் கடைக்கு இந்த நிதானம் இன்னும் அதிகமாக வேண்டும் அல்லவா?

அப்படியானால் கோத்தா திங்கிக்குப் போகவே கூடாதா? போகலாம். ஆனால் இரண்டாவது கடையைத் தேடும் முன் இரண்டாவது கையைத் தேட வேண்டும். உறவுக்காரப் பையனுக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்து உட்கார வைக்கிற காலம் போய்விட்டது. 2016-ல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது 775-ஆம் சட்டம், வைத்தியம் பார்ப்பவர் அதற்குரிய மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும் என்கிறது. தகுதியுள்ள ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமல்ல. கிடைத்தவரை முதல் நாளே புதுக் கடையில் தனியாக விடக்கூடாது. உலு திராமிலேயே ஓராண்டு பக்கத்துக் கட்டிலில் வேலை செய்யட்டும். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை திருநெல்வேலிக்குப் போனது 1988-ல், கோயம்புத்தூருக்குப் போனது 1997-ல். கிராமத்துப் பெண்களை எடுத்து, தானே பயிற்சி கொடுத்து, ஆட்களை உருவாக்கிக்கொண்டே விரிந்த நிறுவனம் அது.

ஆபத்து என்ற ஒன்றையும் மறந்துவிடக் கூடாது. ஊசி போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும். தோள், மார்புப் பக்கம் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். வைத்தியர் கோத்தா திங்கியில் இருக்க, உலு திராமில் ஊசியோடு படுத்திருக்கும் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டினால், உதவிப் பெண் கைப்பேசியில் யாரைக் கூப்பிடுவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நாள்வரை இரண்டாவது கடையின் சாவியை வாங்கக் கூடாது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இது எடுத்துக்காட்டுக் கணக்குத்தான். வாடகை 1,800 ரிங்கிட். உதவியாளருக்கு, 2025-ல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700. மின்சாரம், ஊசி, சேமநிதி, சொக்சோ, பயன்படுத்திய ஊசிகளை முறைப்படி அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் 500. இரண்டாவது வைத்தியருக்கு 3,500. மொத்தம் மாதம் 7,500. ஒரு தடவைக்கு 60 ரிங்கிட் வாங்கினால் மாதம் 125 பேர், நாளுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் வந்தால்தான் கைக்கடி இருக்காது. தொடக்கத்தில் ஐந்து பேர் வருவார்களா? ஆறு மாதம் தாக்குப்பிடிக்க 45,000 ரிங்கிட் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அதுவும் வீட்டு அடமானத்தில் எடுத்த பணமாக இருக்கக் கூடாது.

கோத்தா திங்கி வேறு உள்ளூராட்சி மன்றம். வியாபார உரிமம், பெயர்ப்பலகை அனுமதி எல்லாம் அங்கே புதிதாக எடுக்க வேண்டும். மைத்துனர் சொல்லும் முன்பணத்தைக் கட்டும் முன் இதை விசாரிப்பது நல்லது.

கோத்தா திங்கி நோயாளிகள் எத்தனை பேர் என்று பதிவேட்டில் எண்ணியாவது பார்த்தாரா நம்மவர்? “எல்லாரும் கேட்கிறாங்க” என்பது பல நேரம் மூன்று பேராக இருக்கும். எண்ணட்டும். பகலில் காலியாக இருக்கும் நேரத்தை ஓய்வு பெற்றவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் ஒதுக்கி, கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கட்டும். அதிலேயே மாலைக் கூட்டம் கொஞ்சம் தணியக்கூடும். இரண்டாவது வைத்தியர் வந்து சேர்ந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் தான் கடைக்குப் போகாமல் இருந்து பார்க்கட்டும். அந்த நாளில் எத்தனை பேர் “அண்ணன் இல்லையா, அப்ப நாளைக்கு வரேன்” என்று திரும்பிப் போகிறார்கள் என்பதை உதவிப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கட்டும். மூன்று மாதம் குறித்தால் போதும். திரும்பிப் போகிறவர்கள் குறைந்து, ஒன்றிரண்டு பேரில் வந்து நின்றால், அப்போது மைத்துனரைக் கூட்டிக்கொண்டு கோத்தா திங்கிக்குக் கடை பார்க்கப் போகலாம்.