கோழி படுத்துடுச்சா? முதல்ல ஒரு அட்டைப்பெட்டி எடுங்க

மாடியிலயும் வீட்டுப் பின்பக்கமும் நாலு கோழி, அஞ்சு கோழி வளர்க்குறவங்க நிறைய பேர் இந்த நிகழ்ச்சியைக் கேக்குறீங்க. உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான். "கோழி திடீர்னு படுத்துடுச்சு, என்ன பண்றது?" கூடவே வீட்ல பெரியவங்க சொன்ன பதிலையும் நீங்களே எழுதி அனுப்பிடுறீங்க. "கோழிக்கெல்லாம் யாருப்பா வைத்தியம் பாப்பா? அறுத்துக் குழம்பு வை."

அந்தப் பதில்ல ஒரு கணக்கு இருக்கு. கோழி விலை 500 ரூபாய்னு வச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட போய்ட்டு வர ஆட்டோவுக்கே அதுல பாதி போயிடும். வருமானத்துக்காக 20, 30 கோழி வளர்த்தவங்களுக்கு இது நியாயமான கணக்கு. நீங்க பேர் வச்சுக் கூப்பிடுற கோழிக்கு அது ஒத்து வராது. அதனாலதான் அந்தப் பதில் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு.

இன்னைக்கு நான் மருந்துப் பட்டியல் சொல்லப் போறதில்ல. ஒரு கோழிக்கு வீட்ல நம்மால வைத்தியம் பார்க்க முடியாது. பணிவிடை பார்க்க முடியும். வைத்தியம்னா நோயைத் தேடிப் போய் அடிக்கிறது. பணிவிடைன்னா, அந்த உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்க நேரம் வாங்கிக் கொடுக்குறது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா, பாசத்தாலயே கோழியைக் கொன்னுடுவோம்.

முதல் விஷயம், கோழி நோயை மறைக்கும். அது இரையா வாழ்ந்த பறவை. சோர்ந்து தெரிஞ்சா பருந்துக்கும் நாய்க்கும் அதுதான் முதல் இலக்கு, கூட இருக்கிற கோழிகளும் கொத்தும். அதனால முடிஞ்ச வரைக்கும் நடிச்சுக்கிட்டே இருக்கும். இறகைச் சிலுப்பிக்கிட்டு, கண்ணை மூடி, கொண்டை வெளுத்து, மூலையில தனியா நிக்குதுன்னா, நோய் அன்னைக்கு ஆரம்பிச்சதா இருக்காது. ரெண்டு மூணு நாளா உள்ள ஓடிட்டு இருந்திருக்கும். "நாளைக்குப் பாக்கலாம்"னு தள்ளிப் போட அங்க நேரம் இல்ல.

சரி, என்ன பண்ணணும்? உடனே பிரிச்சு வைங்க. பஞ்சாரம் இருந்தா சரி, இல்லன்னா பெரிய அட்டைப்பெட்டி போதும். அடியில பழைய துண்டு, அதுக்கு மேல செய்தித்தாள். பேப்பர் எதுக்குன்னா, எச்சம் என்ன நிறத்துல இருக்குன்னு தெரியணும். சத்தம் இல்லாத, வெளிச்சம் குறைஞ்ச இடமா இருக்கட்டும்.

அடுத்தது சூடு. கோழியோட சாதாரண உடம்புச் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கடுமையான காய்ச்சல். தீனி எடுக்காத கோழியால அந்தச் சூட்டைத் தக்க வச்சுக்க முடியாது, இருக்கிற தெம்பெல்லாம் அதுக்கே செலவாகும். அதனால பெட்டியோட ஒரு ஓரத்துல 40 வாட்ஸ் குண்டு பல்பு, அட்டையிலயும் துணியிலயும் படாத மாதிரி. ஒரு ஓரத்துல மட்டும்தான், வேண்டாம்னா அது தள்ளிப் போய் உட்காரணும். ஆனா இது மார்கழிக்குச் சொல்றது. சித்திரை வெயில்ல சென்னையில பல்பு போட்டுடாதீங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, றெக்கையை விரிச்சு வச்சிருந்தா அதுக்குப் புழுக்கம்னு அர்த்தம்.

மூணாவது தண்ணி. இதுலதான் பாசம் ஆபத்தாகுது. அலகைப் பிளந்து தண்ணி ஊத்துறதை நிறைய பேர் செய்றாங்க. கோழிக்கு மூச்சுக்குழாயோட வாசல் நாக்குக்கு நேர் பின்னாடி இருக்கு. நீங்க ஊத்துற தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகலாம். ஊசி இல்லாத சிரிஞ்சோ ஃபில்லரோ எடுத்து, அலகோட பக்கவாட்டுல ஒரு சொட்டு வைங்க. அது நாக்கைச் சப்புக்கொட்டி விழுங்கும். அப்புறம் அடுத்த சொட்டு. விழுங்கவே இல்லன்னா நிறுத்திடுங்க. கழிச்சல் இருந்தா மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல கரைச்சு ஒண்ணு ரெண்டு நாள் கொடுக்கலாம்.

தீனி கொடுக்கிறதுக்கு முன்னாடி கழுத்துக்குக் கீழ, நெஞ்சுக்கு மேல இருக்கிற தீனிப்பையைத் தொட்டுப் பாருங்க. ராத்திரி நிறைஞ்சிருந்தாலும் காலையில அது காலியா இருக்கணும். காலையிலயும் கல்லு மாதிரியோ, தண்ணி நிறைஞ்ச பலூன் மாதிரியோ இருந்தா, போன தீனி கீழ இறங்கலைன்னு அர்த்தம். அதுக்கு மேல நீங்க ஊட்டுற ஒவ்வொரு வாயும் உள்ள கிடந்து புளிக்கும். அப்ப தீனியை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். பை காலியா இருந்தா, குழைஞ்ச சோறு, வேக வச்ச மஞ்சள் கரு, ஊற வச்ச தீவனம், இப்படி மெத்துனு கொஞ்சம் கொஞ்சமா.

நாலாவது, ஒரு நோட்டு போடுங்க. தினமும் காலையில கிச்சன் தராசுல எடை, எச்சத்தோட நிறம், எத்தனை தடவை குடிச்சது. கோழி தேறுதா இல்லையான்னு நம்ம கண்ணு சரியாச் சொல்லாது, ஏன்னா நாம ஆசையோட பாக்குறோம். தராசுக்கு அந்த ஆசை கிடையாது.

இப்ப பெரிய பயத்துக்கு வருவோம். வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் நோய்னு சொல்றது இதைத்தான். 1926ல இங்கிலாந்துல நியூகாசில்லயும், அப்போ டச்சுக்காரங்க கையில இருந்த ஜாவாவுலயும் இந்த நோய் பதிவாச்சு. அதனால வெளிநாட்டுல இதுக்கு நியூகாசில் நோய்னு பேர். நம்ம நாட்டுல உத்தராகண்ட்ல இருக்கிற ராணிக்கெட் ஊர்ப் பேரு ஒட்டிக்கிச்சு. இது வைரஸ். வந்த பிறகு இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

எங்கம்மா கிராமத்துல வளர்ந்தவங்க. "கழிச்சல் வந்தா ஒரே வாரத்துல பஞ்சாரம் காலி"ன்னு சொல்லுவாங்க. அவங்க அதைக் கண்ணால பார்த்தவங்க. எங்க மாடியில செவலைன்னு ஒரு கோழிக்குப் பச்சையும் வெள்ளையுமா கழிய ஆரம்பிச்சப்போ, அம்மா முதல்ல சொன்னதும் குழம்புதான். நான் முடியாதுன்னேன். ரெண்டு பேரும் ரெண்டு நாள் சரியாப் பேசிக்கல. டாக்டர் பார்த்துட்டு, "ராணிக்கெட் மாதிரிதான் இருக்கு, பொழைச்சா பொழைக்கும்"னு சொன்னாரு. அஞ்சாவது நாள் செவலை எந்திரிச்சு நின்னுச்சு. ஆனா கழுத்து முறுக்கிக்கிச்சு. இந்த வைரஸ் நரம்பையும் தாக்கும், தப்பிச்ச கோழிகள்ல சிலதுக்கு இப்படி ஆகும். தலை திரும்பி வானத்தைப் பாக்கும். கண்ணு முன்னாடி கம்பு கிடக்கும், கொத்தினா ஒரு விரக்கடை தள்ளித்தான் அலகு விழும்.

அதாவது கோழி நோயில சாகல, பசியில சாகப் பாக்குது. இந்த இடத்துலதான் பணிவிடைக்கு முழு அர்த்தம் வருது. ஆழமான கிண்ணத்துல ஈரமான தீவனம் வச்சா, எங்க கொத்தினாலும் வாய்ல ஏதாவது மாட்டும். பதறினா கழுத்து இன்னும் முறுக்கும், அதனால அமைதியா, ஒரே ஆள், ஒரே நேரத்துல கொடுக்கணும். எங்க வீட்ல அந்த ஒரே ஆள் அம்மாதான். காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னாடி மாடிக்குப் போயிடுவாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. கழுத்து முழுசா நேராகல, ஆனா தானா சாப்பிடுது. இதுல அம்மா தோத்தாங்க, நான் ஜெயிச்சேன்னு எதுவும் இல்ல. அவங்களுக்கு அப்போ 30 கோழி, இப்போ ஒண்ணு. நேரம் இருக்கிறவங்களுக்குத்தான் இப்படி ஒரு வாய்ப்பே கிடைக்குது.

செய்யக் கூடாததையும் சொல்லிடுறேன். வீட்ல மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடிச்சுக் கொடுக்காதீங்க. வைரஸுக்கு அது வேலை செய்யாது, முட்டையிலயும் கறியிலயும் மட்டும் தங்கும். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு கேட்டு வாங்குங்க. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைச்சு உருண்டை கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. விழுங்கவே தெம்பில்லாத கோழி தொண்டையில அதைத் திணிக்காதீங்க. நோய்க் கோழியை அறுத்துச் சமைக்கவும் வேண்டாம். ரத்தத்தோடயும் குடலோடயும் நோயை நீங்களே சமையல் கட்டுக்குக் கொண்டு வர்றீங்க. ராணிக்கெட் வைரஸ் நம்ம கண்ணுல பட்டா கண் சிவந்து உறுத்தும், அதனால தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. ஒரே நேரத்துல பல கோழி திடீர்னு செத்தா, அது பறவைக் காய்ச்சலாக்கூட இருக்கலாம். தொடாம கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்க.

எப்போ நிறுத்துறது? இந்தக் கேள்வியை யாரும் கேக்குறதில்ல. எடை தினமும் இறங்குது, நிக்க முடியல, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறக்குதுன்னா, நீங்க வாங்கிக் கொடுக்குற நேரம் அதுக்கு வலியா மட்டும்தான் போகுது. அப்போ டாக்டர்கிட்ட வலியில்லாம முடிச்சு வைக்கச் சொல்லிக் கேக்கலாம், அது கைவிடுறது ஆகாது. பக்கத்துல கால்நடை மருந்தகம் எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடி வைங்க. சென்னையில இருக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. "கோழிக்கா?"ன்னு யாராவது சிரிச்சா சிரிக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. இவ்வளவும் தேவைப்படாம இருக்க வழி தடுப்பூசி. நோய் வர்றதுக்கு முன்னாடி, ஆரோக்கியமா இருக்கும்போதே போடணும். குஞ்சா இருக்கும்போது கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு, எட்டு வாரத்துல றெக்கைக்கு அடியில ஊசி. கோடைக்கு முன்னாடி, பெரும்பாலும் பிப்ரவரியில, கால்நடை பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துது, விசாரிச்சு வைங்க. புதுசா சந்தையில வாங்கின கோழியை மூணு வாரம் தனியா வச்சுட்டு அப்புறம் மத்ததோட விடுங்க.

ஒரு அட்டைப்பெட்டி, ஒரு குண்டு பல்பு, ஒரு சிரிஞ்ச், ரெண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., ஒரு நோட்டு. எல்லாம் சேர்த்தாலும் கோழி விலையைத் தாண்டாது. மீதி கொடுக்க வேண்டியது உங்க நேரம்தான்.